ஜான் கசவெட்டிஸ்: திரையிடல் முடிந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய திரைப்படக் கழகம் நடத்துகிறோம். கசவெட்டிஸ் படம் போடும் நாட்களில் இடைவேளையில் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். மீதிப் பாதி, படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் நாற்காலியை விட்டு எழ மாட்டார்கள். அந்த மீதிப் பாதி கேட்கும் கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் வாய் வலிக்கச் சொல்வதைவிட ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

யார் இவர்? நடிகரா, இயக்குநரா?

இரண்டும்தான். ஆனால் வாழ்ந்த காலத்தில் பொதுமக்கள் அவரை நடிகராகத்தான் அறிந்திருந்தார்கள். 1967இல் வந்த 'த டர்ட்டி டசன்' போர்ப் படத்தில் யாருக்கும் அடங்காத கைதியாக வருபவர் இவர். அடுத்த ஆண்டு வந்த 'ரோஸ்மேரிஸ் பேபி'யில், நடிப்புத் தொழிலில் முன்னேறுவதற்காகச் சொந்த மனைவியையே சாத்தானுக்குக் காட்டிக்கொடுக்கும் கணவரும் இவரே. அந்த மாதிரி வேடங்களில் வந்த சம்பளத்தைத் தன் மனைவி நடிக்கும் படங்களில் கொட்டினார் என்பது ஒரு வேடிக்கை.

பிறந்தது 1929 டிசம்பர் 9, நியூயார்க். கிரேக்க வம்சாவளிக் குடும்பம். சிறுவயதில் சில ஆண்டுகள் கிரேக்கத்தில் இருந்துவிட்டு ஏழு வயதில் திரும்பியபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. 1959 முதல் 1986 வரை 12 படங்களை இயக்கினார். 1989 பிப்ரவரி 3 அன்று, 59 வயதில், கல்லீரல் நோயால் இறந்தார். நீண்ட காலக் குடிதான் காரணம்.

பெயரை எப்படித்தான் உச்சரிப்பது?

கஸ-வெட்-டீஸ். அழுத்தம் நடுவில் உள்ள 'வெட்' மீது விழ வேண்டும். 'கேசவட்ஸ்' என்று ஒருவர் கேட்டார். யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது, அது போதும்.

நாடகப் பயிற்சி பெற்றவர் என்று அறிமுக உரையில் சொன்னீர்கள். எங்கே கற்றார்?

நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாடகக் கலை அகாடமியில். 1884இல் தொடங்கிய பழைய நிறுவனம் அது. 1950இல் அங்கே படிப்பை முடித்தார். அதே அகாடமியில் பயின்ற ஜீனா ரோலண்ட்ஸை 1954இல் மணந்தார். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பல பதில்களுக்கு இதுதான் வேர்.

படித்து முடித்த உடனே மேடை கைகொடுத்துவிடவில்லை. அவரைத் தாங்கியது தொலைக்காட்சி. 1950களின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாடகங்கள் நேரலையாகப் போயின. நடிகர் வசனத்தை மறந்தால் நாடே பார்க்கும்; மறு டேக் கிடையாது. மேடையின் பதற்றமும் கேமராவின் நெருக்கமும் ஒரே இடத்தில் கூடிய விசித்திரமான வடிவம் அது. கசவெட்டிஸ் பின்னாளில் எடுத்த படங்களில் தெரியும் பதற்றத்தின் விதை அங்கேதான் விழுந்தது என்று நான் நினைக்கிறேன். 1957இல் சிட்னி பாய்ட்டியருடன் 'எட்ஜ் ஆஃப் த சிட்டி' படத்தில் நடித்தபோது அவர் கவனிக்கப்படும் இளம் நடிகராகிவிட்டார்.

அப்படியானால் 'மெத்தட்' நடிப்புக்காரர்தானே? பிராண்டோ, ஜேம்ஸ் டீன் வகை?

பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் அவர் அந்த முகாமைச் சேர்ந்தவர் இல்லை. அந்தக் காலத்து நியூயார்க்கில் மெத்தட் நடிப்புக்கு லீ ஸ்ட்ராஸ்பெர்க்கின் ஆக்டர்ஸ் ஸ்டுடியோ என்ற பயிற்சிக்கூடம்தான் கோயில். கசவெட்டிஸுக்கு அந்தக் கோயில் பிடிக்கவில்லை. நடிகர் தன் பழைய காயங்களைத் தோண்டித் துயரத்தை வரவழைப்பது நடிப்பைவிட மனநோய் சிகிச்சைக்கே நெருக்கமானது என்பது அவர் எண்ணம். 1956இல் பர்ட் லேன் என்பவருடன் சேர்ந்து தனியாக ஒரு நடிப்புப் பட்டறையைத் தொடங்கினார்.

வேறுபாட்டை இப்படிப் புரிந்துகொள்ளலாம். மெத்தட் நடிகர் தனியே உட்கார்ந்து தனக்குள் இறங்குவார். கசவெட்டிஸ் பட்டறை நடிகர் எதிரே இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய படங்களில் யாரும் தனியாகச் சோகப்படுவது குறைவு. சிரிப்பு, பாட்டு, கிண்டல், அறை, சமாதானம் எல்லாம் இன்னொருவரிடமிருந்து எதையாவது பிடுங்குவதற்காகவே நடக்கும்.

முதல் படத்துக்கு வானொலியில் காசு கேட்டாராமே, கட்டுக்கதையா?

நிஜம். 1957இல், பட்டறையில் செய்துபார்த்த ஒரு காட்சி அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மேன்ஹாட்டனில் வாழும் மூன்று கறுப்பின உடன்பிறப்புகள். அதில் இருவர் வெள்ளையர் என்று சொல்லும்படியான நிறத்தில் இருப்பவர்கள். தங்கையைக் காதலிக்கும் வெள்ளை இளைஞன் அவள் அண்ணனைப் பார்த்ததும் முகம் மாறுகிறான். ஜீன் ஷெப்பர்டு நடத்திய நள்ளிரவு வானொலி நிகழ்ச்சிக்குப் போன கசவெட்டிஸ், சாதாரண மக்களைப் பற்றிய படம் வேண்டும் என்றால் நீங்களே பணம் அனுப்புங்கள் என்று நேயர்களிடம் சொல்லிவிட்டார். ஒரு டாலர், இரண்டு டாலர் என்று சுமார் 2,000 டாலர் வந்து சேர்ந்தது.

ஆனால் அந்தப் பணத்தில் படம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 'ஷாடோஸ்' முடிவதற்குள் செலவு சுமார் 40,000 டாலரைத் தொட்டது. வானொலி நேயர்கள் தந்தது பிள்ளையார் சுழி மட்டுமே. மீதி கடன், நண்பர்கள், சொந்தச் சம்பளம்.

அந்தப் படத்தின் கடைசியில் 'நீங்கள் பார்த்தது இம்ப்ரவைசேஷன்' என்று எழுத்து வருகிறதே. இவர் வசனமே எழுத மாட்டாரா?

இம்ப்ரவைசேஷன் என்றால் எழுதி வைக்காமல் அந்த நேரத்தில் தோன்றுவதைப் பேசி நடிப்பது. அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. என் பொறுமையை அதிகம் சோதிப்பதும் இதுதான். அந்த ஒரு எழுத்துப் பலகை அவருக்குச் செய்த கெடுதலை எந்த விமர்சகரும் செய்ததில்லை. 'ஷாடோஸ்' பட்டறைப் பயிற்சியிலிருந்து பிறந்தது என்பது சரி. ஆனால் இன்று நாம் பார்க்கும் படத்திலேயே கணிசமான பகுதி பிறகு எழுதி எடுத்த காட்சிகள் (எப்படி என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்). அதற்குப் பின் வந்த அவருடைய முக்கியமான படங்களுக்கெல்லாம் முழுத் திரைக்கதை இருந்தது. 'ஃபேசஸ்' படத்துக்காகச் சிறந்த மூலத் திரைக்கதை என்ற ஆஸ்கர் பிரிவில் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. வசனமே எழுதாதவருக்கு அது எப்படிக் கிடைக்கும்?

நம் கச்சேரிகளில் நிரவல் கேட்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சாகித்யத்தின் வரி ஒன்றுதான். ஒரு சொல்லும் மாறாது. ஆனால் அது எங்கே நிற்கும், எங்கே ஏங்கும், எங்கே பாயும் என்பது அன்றைய பாடகரின் கையில். கசவெட்டிஸ் படத்தில் வசனம் சாகித்யம். அதை எந்த உணர்ச்சியில் சொல்வது, நின்றுகொண்டா படுத்துக்கொண்டா, சிரித்துக்கொண்டா என்பதை அவர் நடிகருக்கு விட்டுவிடுவார். விளக்கம் கேட்டால் சொல்ல மாட்டார். பீட்டர் ஃபால்க் போன்ற தேர்ந்த நடிகருக்கே முதலில் இது எரிச்சலூட்டியது. ஒத்திகையில் நடிகர்கள் தாமாகப் பேசுவதைக் கேட்டு வசனத்தைத் திருத்தி எழுதுவதும் உண்டு. அப்படித் திருத்தியதும் எழுத்துதானே.

மேடையில் வளர்ந்தவருக்கு இது இயல்பு. ஒரே நாடகத்தை நூறு இரவு போடும் நடிகர், நூறு இரவும் அதே சொற்களைத்தான் சொல்கிறார். நூறாவது இரவில் அது புதிதாகப் பிறந்ததுபோல் இருந்தால் யாரும் அந்த நாடகத்துக்கு 'வசனம் எழுதப்படவில்லை' என்று சொல்வதில்லை.

'ஷாடோஸ்' இரண்டு இருக்கிறதாமே? எது உண்மையானது?

1958இன் இறுதியில் நியூயார்க்கில் முதல் வடிவத்தை நள்ளிரவுக் காட்சிகளாக இலவசமாகத் திரையிட்டார்கள். பார்த்தவர்களில் ஜோனாஸ் மீக்கஸ் என்ற விமர்சகர் தலைகால் புரியாமல் கொண்டாடினார். அவர் நடத்திய 'ஃபிலிம் கல்ச்சர்' இதழின் முதல் சுயாதீனத் திரைப்பட விருது அதற்குக் கிடைத்தது. கசவெட்டிஸோ அரங்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கேமரா வித்தைதான் தெரிகிறது, மனிதர்கள் தெரியவில்லை என்று முடிவுக்கு வந்தார். 1959இல் நடிகர்களைத் திரும்ப அழைத்து, புதிய காட்சிகளை எழுதி எடுத்து, படத்தை ஏறக்குறைய மறுபடி கட்டினார். இரண்டாம் வடிவத்தைப் பார்த்த மீக்கஸ், இது வணிகச் சமரசம் என்று பகிரங்கமாகக் கோபித்துக்கொண்டார்.

இன்று கிடைப்பது இரண்டாவது. முதல் வடிவத்தின் பிரதி ஒன்று 2000களின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்டு, 2004இல் ராட்டர்டாம் விழாவில் காட்டப்பட்டது. ஜீனா ரோலண்ட்ஸ் அது வெளிவருவதை விரும்பவில்லை. எது உண்மையானது என்று கேட்டால், இயக்குநர் எதைத் தன்னுடையது என்றாரோ அதுதான். விருது வாங்கிய படத்தைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி எடுக்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஹாலிவுட் அவரைக் கூப்பிடவே இல்லையா, அல்லது அவர்தான் போகவில்லையா?

கூப்பிட்டது, போனார், கையைச் சுட்டுக்கொண்டார். பாரமவுண்ட் நிறுவனத்துக்காக 1961இல் 'டூ லேட் புளூஸ்'. அடுத்து, ஸ்டான்லி கிராமர் தயாரிப்பில் 1963இல் 'எ சைல்டு இஸ் வெய்ட்டிங்'. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான பள்ளியைப் பற்றிய படம்; பர்ட் லங்காஸ்டரும் ஜூடி கார்லண்டும் நடித்தார்கள். அந்தக் குழந்தைகளிடம் குறை ஒன்றுமில்லை, அவர்களைப் பார்க்கும் பெரியவர்களிடம்தான் குறை என்று கசவெட்டிஸ் படமெடுத்தார். தயாரிப்பாளர் படத்தைத் தன் கையில் எடுத்து, பார்வையாளர் கண்கலங்கும் விதமாக வெட்டி ஒட்டினார். பெரிய சண்டை. கசவெட்டிஸ் அந்தப் படத்தைத் தன்னுடையது இல்லை என்றார். அதன் பிறகு சில ஆண்டுகள் எந்த ஸ்டுடியோவும் அவரை இயக்க அழைக்கவில்லை.

அப்போது பணத்துக்கு என்ன செய்தார்?

நடித்தார். இதைத்தான் நான் முதல் பதிலிலேயே சொல்ல வந்தேன். 1959-60இல் 'ஜானி ஸ்டக்காட்டோ' என்ற தொலைக்காட்சித் தொடரில் ஜாஸ் பியானோ வாசிக்கும் துப்பறிவாளராக 27 வாரம் வந்தார். 'ஷாடோஸ்' கடனை அடைக்கத்தான் அந்த வேலை. 1960களின் நடுவில் 'ஃபேசஸ்' எடுத்தபோதும் அதே கணக்கு. 'த டர்ட்டி டசன்' சம்பளமும் 'ரோஸ்மேரிஸ் பேபி' சம்பளமும் படச்சுருளாகவும் ஆய்வகக் கட்டணமாகவும் மாறின. 'த டர்ட்டி டசன்' அவருக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையையும் வாங்கிக்கொடுத்தது.

இதில் ஒரு செய்தி பலருக்கும் தெரிவதில்லை. அவர் மற்றவர்கள் படத்தில் நடிப்பதை இழிவாகவும் நினைக்கவில்லை, பெரிதாகவும் நினைக்கவில்லை. கூலிக்குப் போகிறவர் மாதிரி போனார். சில நேரம் இயக்குநரோடு மல்லுக்கட்டினார். 'ரோஸ்மேரிஸ் பேபி' படப்பிடிப்பில் அவருக்கும் ரோமன் பொலான்ஸ்கிக்கும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு அசைவையும் வரைந்து வைத்திருக்கும் இயக்குநரும், அசைவை வரையவே கூடாது என்று நினைக்கும் நடிகரும் வேறு எப்படி இருக்க முடியும்?

'ஃபேசஸ்' ஒரு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. அதற்கு ஏன் மூன்று வருடம்?

படப்பிடிப்புக்கு ஆறு மாதம்தான். 1965இல், 16 மி.மீ. கறுப்பு வெள்ளைச் சுருளில். எடுத்த இடம் லாஸ் ஏஞ்சலஸில் அவர் குடியிருந்த வீடும், மாமியார் வீடும். நடிகர்களுக்கு முன்பணம் இல்லை. லாபம் வந்தால் பங்கு. துணை வேடத்தில் நடித்த சீமோர் கேசல் தன் காட்சி இல்லாத நேரத்தில் விளக்கும் தூக்கினார், கேமராவும் பிடித்தார்.

காலம் போனது படத்தொகுப்பில். முதலில் தொகுத்தபோது சுமார் ஆறு மணி நேரம் ஓடியது. கையில் காசு வந்தால் வெட்டுவது, தீர்ந்தால் நடிக்கப் போவது என்று நகர்ந்து 1968இல் வெளியானது. வெனிஸ் விழாவில் ஜான் மார்லி சிறந்த நடிகர் விருது பெற்றார். மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன. அதில் ஒன்று லின் கார்லினுக்கு. அதற்கு முன் அவர் சினிமா அலுவலகம் ஒன்றில் செயலாளராக வேலை பார்த்தவர்.

கேமரா ஏன் இப்படி ஆடுகிறது? சில இடங்களில் முகமே மங்கலாக இருக்கிறது. பணம் இல்லாததாலா?

பணம் ஒரு காரணம். ஆனால் முழுக் காரணம் இல்லை. வழக்கமான படப்பிடிப்பில் தரையில் சுண்ணாம்புக் கோடோ நாடாவோ ஒட்டி, நடிகர் அங்கே வந்து நிற்க வேண்டும் என்பார்கள். அங்கே நின்றால்தான் வெளிச்சம் விழும், முகம் தெளிவாக இருக்கும். அதாவது நடிகர் கேமராவுக்கு ஊழியம் செய்கிறார். கசவெட்டிஸ் அந்த அடையாளங்களை எடுத்துவிட்டார். அறை முழுவதும் வெளிச்சம் போட்டு, எங்கே வேண்டுமானாலும் போங்கள் என்று நடிகரை விட்டு, கேமராக்காரரைப் பின்னால் ஓடச் சொன்னார். ஓடுகிறவருக்கு மூச்சிரைக்கும், படமும் மூச்சிரைக்கிறது.

நடிகராக நின்று அந்தக் கோடுகளைத் தேடி அலுத்தவர்தான் இப்படி ஒரு முடிவு எடுக்க முடியும். மங்கலான ஷாட்டில் நடிப்பு நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்வார். இது எல்லா இடத்திலும் பலன் தந்தது என்று நான் சொல்ல மாட்டேன். 1970இல் வந்த 'ஹஸ்பண்ட்ஸ்' படத்தின் மதுக்கடைக் காட்சி என்னை ஒவ்வொரு முறையும் கடிகாரம் பார்க்க வைக்கிறது. இடைவேளையில் நழுவியவர்கள் மீது எனக்குக் கோபம் வராததற்கு அதுதான் காரணம்.

'எ உமன் அண்டர் த இன்ஃப்ளூயன்ஸ்' நாடகமாக எழுதப்பட்டதா?

ஆம். ஜீனா ரோலண்ட்ஸுக்காக மேடைக்கு எழுதினார். படித்துப் பார்த்த ஜீனா, இந்தப் பாத்திரத்தைத் தினமும் இரவில் மேடையில் செய்தால் என் உடம்பும் மனமும் தாங்காது என்றார். அதனால் படமானது. கட்டுமானத் தொழிலாளியின் மனைவி மேபல்; எல்லோரையும் மகிழ்விக்கத் துடித்து, எந்த அளவில் நிறுத்துவது என்று தெரியாமல் உடைந்துபோகிறவள். காலையில் கணவன் தன் சக தொழிலாளிகள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அழைத்து வர, அவள் எல்லோருக்கும் ஸ்பகெட்டி பரிமாறும் காட்சியை நாடகக்காரர்கள் தனியாக எடுத்துப் படிக்க வேண்டும். ஒரே மேஜை, பத்துப் பன்னிரண்டு பேர். எந்த நொடியில் விருந்து விபரீதமாகிறது என்று சுட்டிக்காட்டவே முடியாது.

எந்த ஸ்டுடியோவும் முன்வரவில்லை. கசவெட்டிஸ் வீட்டை அடமானம் வைத்தார். கணவனாக நடித்த பீட்டர் ஃபால்க் ஐந்து லட்சம் டாலர் போட்டார். அப்போது அவர் 'கொலம்போ' துப்பறியும் தொடரால் புகழின் உச்சத்தில் இருந்தவர். அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தில் கசவெட்டிஸ் உறைவிடக் கலைஞராக இருந்ததால் அங்கிருந்த மாணவர்கள் படக்குழுவில் வேலை செய்தார்கள். மேபலின் தாயாக ஜீனாவின் சொந்தத் தாய். மாமியாராக கசவெட்டிஸின் சொந்தத் தாய். உண்மையான மாமியாரையே வைத்து மாமியார் சண்டையைப் படமாக்கியவர் என்று எங்கள் கழகத்தில் ஒரு அம்மா சிரித்தார்.

எடுத்துவிட்டார் சரி, யார் வெளியிட்டது?

அவரே. விநியோகஸ்தர் யாரும் வாங்காததால் சொந்த நிறுவனம் வைத்து, திரையரங்குகளுக்குத் தொலைபேசியில் பேசி, கல்லூரி கல்லூரியாகப் படத்தோடு போய்ப் பேசினார். 1974 அக்டோபரில் நியூயார்க் திரைப்பட விழாவில் காட்டிய பிறகு கூட்டம் சேர்ந்தது. படம் போட்ட காசை எடுத்தது. இயக்குநருக்கும் நடிகைக்கும் ஆஸ்கர் பரிந்துரைகள். இதோடு நடிப்பு, எழுத்து, இயக்கம் மூன்றிலும் பரிந்துரை பெற்றவராகிவிட்டார். மூன்றிலும் பரிசு கிடைக்கவில்லை.

மனைவியையும் நண்பர்களையுமே திரும்பத் திரும்ப நடிக்க வைத்தார். இது குடும்பப் படம் எடுப்பது இல்லையா?

நாடகக் குழு நடத்தியவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். ஒரு குழு பத்து வருடம் சேர்ந்திருந்தால்தான் ஒருவர் மூச்சை இழுக்கும்போதே அடுத்தவருக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். ஜீனா, ஃபால்க், பென் கஸாரா, கேசல், ஒளிப்பதிவிலும் தயாரிப்பிலும் இருந்த ஆல் ரூபன்: இது ஒரு நாடகக் குழு, தற்செயலாகக் கேமரா வைத்திருந்தது.

மனைவி என்பதால் வாய்ப்பு என்ற பேச்சு மட்டும் எடுபடாது. 'ஓபனிங் நைட்' படத்துக்கு பெர்லினில் சிறந்த நடிகை விருது, 'குளோரியா'வுக்கு இரண்டாவது ஆஸ்கர் பரிந்துரை, 2015இல் கௌரவ ஆஸ்கர். ஜீனா 2024இல் மறைந்தார். அவர் இல்லாமல் கசவெட்டிஸ் நல்ல படம் எடுக்க முடிந்ததா என்றுதான் கேட்க வேண்டும். முடிந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

'த கில்லிங் ஆஃப் எ சைனீஸ் புக்கி' எனக்குக் கிடைத்தது 108 நிமிடம். நண்பரிடம் இருப்பது 135. வெட்டப்பட்ட பிரதியா?

வெட்டியவர் அவரே. 1976இல் 135 நிமிடமாக வெளியிட்டார். படம் சில நாளிலேயே திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. 1978இல் 108 நிமிடமாக மறுபடி தொகுத்தார். காட்சிகளின் வரிசையே மாறியிருக்கிறது, சிறியதில் மட்டும் உள்ள பகுதிகளும் உண்டு. 'ஷாடோஸ்' பதிலில் சொன்ன அதே குணம். முதலில் சிறியதைப் பாருங்கள்.

நாங்கள் நாடகம் போடுகிறவர்கள். எதில் தொடங்கலாம்?

'ஓபனிங் நைட்', 1977. ஒரு புதிய நாடகத்தின் வெளியூர் முன்னோட்டக் காட்சிகள் நடக்கின்றன. நாயகி மிர்ட்டிலுக்கு, வயது கடந்த பெண்ணாக நடிக்கும் அந்தப் பாத்திரத்தை ஏற்க மனம் வரவில்லை. நாடகாசிரியர் கெஞ்சுகிறார், இயக்குநர் மிரட்டுகிறார், அவள் மேடையில் நின்று வசனத்தை மாற்றுகிறாள். மேல் பார்த்த 'எழுத்தா, இம்ப்ரவைசேஷனா' என்ற சண்டை முழுவதையும் அவரே இங்கே கதையாக்கி வைத்திருக்கிறார். கடைசிக் காட்சியில் நிஜத்தில் கணவன் மனைவியான கசவெட்டிஸும் ஜீனாவும் அரங்கு நிறைந்த கூட்டத்தின் முன் நடிப்பதைப் பார்த்தால், யார் எழுதியதை யார் சொல்கிறார் என்று குழம்பும். அமெரிக்காவில் அந்தப் படத்துக்கு அப்போது முறையான விநியோகமே கிடைக்கவில்லை.

நாடகம் பழகாதவர்கள் 'எ உமன் அண்டர் த இன்ஃப்ளூயன்ஸ்' பார்க்கலாம். கதை ஓட வேண்டும் என்பவர்களுக்கு 'குளோரியா'. அது விற்றுக் காசு பார்க்க எழுதிய திரைக்கதை. இயக்கமும் அவரிடமே வந்து சேர்ந்தது. 1980இல் வெனிஸ் தங்கச் சிங்கத்தை இன்னொரு படத்துடன் பகிர்ந்துகொண்டது.

சினிமாவுக்கு வந்த பிறகு மேடையை விட்டுவிட்டாரா?

இல்லை. 1981இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சிறிய அரங்கில் மூன்று நாடகங்களைச் சேர்த்துப் போட்டார். அதில் ஒன்று டெட் ஆலன் எழுதிய 'லவ் ஸ்ட்ரீம்ஸ்'. அதையே 1984இல் படமாக்கினார். மேடையில் நாயகியின் சகோதரனாக நடித்த ஜான் வாய்ட் படத்திலிருந்து கடைசி நேரத்தில் விலக, கசவெட்டிஸே அந்த வேடத்தை ஏற்றார். உடல்நிலை மிகவும் மோசமாகியிருந்த நேரம். படத்தில் வயிறு உப்பியிருப்பது தெரியும். பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது. 1986இல் பாதியில் ஏற்று முடித்துக்கொடுத்த 'பிக் டிரபிள்' கணக்கில் கடைசியாக இருந்தாலும், அதை அவரே ஏற்கவில்லை. 1987இல் ஜீனாவை வைத்து இன்னொரு நாடகம் மேடையேற்றினார். தொடங்கியதும் முடித்ததும் மேடையில்.

அவருக்குப் பிறகு யார்?

மார்ட்டின் ஸ்கார்செஸி 1972இல் ஒரு மலிவுத் தயாரிப்பை இயக்கியபோது, வாழ்க்கையில் ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டாய் என்று கசவெட்டிஸ் கட்டியணைத்தபடியே திட்டினார். அடுத்து அவர் எடுத்தது 'மீன் ஸ்ட்ரீட்ஸ்'. அமெரிக்காவின் இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருதுகளில் மிகக் குறைந்த செலவில் எடுத்த படங்களுக்கான பரிசு கசவெட்டிஸ் பெயரில் இருக்கிறது. செலவு வரம்பு முதலில் ஐந்து லட்சம் டாலர், இப்போது பத்து லட்சம். மகன் நிக், மகள்கள் அலெக்ஸாண்ட்ரா, ஜோயி மூவரும் இயக்குநர்கள்.

நானும் மேடை நடிகன்தான். அவரைப் போல வீட்டை அடமானம் வைத்துப் படம் எடுத்துவிடலாமா?

ஒவ்வொரு திரையிடலிலும் ஓர் இளைஞராவது இதைக் கேட்கிறார். பின்வரிசையில் அவருடைய அப்பா உட்கார்ந்திருக்கக்கூடும் என்ற பயத்தோடுதான் பதில் சொல்வேன். அடமானம் வைத்த காலத்தில் கசவெட்டிஸிடம் வேறு என்னவெல்லாம் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். எப்போது வேண்டுமானாலும் சம்பளம் தரும் நடிப்புத் தொழில். ஐந்து லட்சம் போடக்கூடிய நண்பர். பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்து உழைத்த குழு. வீட்டிலேயே ஜீனா. இத்தனைக்குப் பிறகும் அந்தப் படத்தில் வந்த பணம் அடுத்த இரண்டு படங்களில் கரைந்தது. அவர் நடிப்பை விட்டுவிட்டு இயக்க வரவில்லை, நடித்துக்கொண்டே இயக்கினார். அதனால், வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். சனி, ஞாயிறில் ஒரு வீட்டுக்குள் நண்பர்களோடு எடுக்கட்டுமா என்று கேட்டால், 'ஃபேசஸ்' வீட்டுக்குள் நண்பர்களோடுதான் எடுக்கப்பட்டது, இன்றே தொடங்குங்கள்.

வீடு என்ன ஆயிற்று என்றும் உடனே கேட்பார்கள். தப்பித்தது. 'ஃபேசஸ்' முடியும்போது கணவனும் மனைவியும் மாடிப்படியில் உட்கார்ந்து, பேச ஒன்றுமில்லாமல் சிகரெட் பிடிப்பார்கள். 16 ஆண்டுகள் கழித்து வந்த 'லவ் ஸ்ட்ரீம்ஸ்' படத்திலும் அதே வீடுதான். கவனித்துப் பார்த்தால் அந்தப் படிகளை அடையாளம் காணலாம்.